சிறு மந்தைக்குக் காங்கயம் இனப் பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பத்துப் பன்னிரண்டு பசுக்களைக் கொறங்காட்டில் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில்) மேய்ப்பவரிடம் இனப்பெருக்கத்துக்கென ஒரே ஒரு பொலிகாளைதான் இருக்கும். பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் பாதி மரபு அதிலிருந்தே வருவதால், திமிலின் உயரத்தை மட்டும் பார்த்து விலை பேசிவிடக் கூடாது.

முதலில் காளையைச் சமதரையில் நடக்கவிட்டு, பக்கவாட்டிலும் பின்னாலும் நின்று பாருங்கள். பின்னங்குளம்பு, முன்னங்குளம்பு பதிந்த தடத்தை ஒட்டி விழ வேண்டும். பசுவின் மேல் ஏறும்போது எடை முழுவதும் பின்னங்கால்களில் இறங்குவதால், குளம்பு வெடிப்போ நொண்டலோ உள்ள காளை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து விதைப்பை. இரு விதைகளும் ஏறத்தாழ ஒரே அளவில், தொட்டால் திடமாக, வீக்கமின்றி இருக்க வேண்டும். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 2 மாதம் ஆகும் என்பதால், அண்மையில் கடுங்காய்ச்சல் கண்ட காளை இன்று தேறித் தீவனம் தின்றாலும் அதன் சினைப்பிடிப்புத் திறன் குறைந்திருக்கலாம். கால்நடை மருத்துவரைக் கொண்டு விந்துப் பரிசோதனையும் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா என்னும் தொற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனையும் செய்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

விற்பவர் அதிகம் பேசுவது நிறத்தைப் பற்றித்தான். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கயிறு பிடித்தவரையே முட்ட வரும் குணத்தைச் சிலர் வீரம் என்பார்கள், ஆனால் குழந்தைகள் நடமாடும் தொழுவத்துக்கு அது ஆகாது.

வாங்கிய காளை தன் மகள்களோடே சேர்ந்துவிடாதபடி, அதற்குப் பிறந்த கிடாரிகள் பருவத்துக்கு வருமுன், தொலைவிலுள்ள வேறொரு மந்தையின் காளையோடு அதை மாற்றிக்கொள்ளுங்கள்.