தொழில் மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சில பாடங்கள்

மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மனசைப் பற்றியே பேசுகிறார்கள். பயத்தை விடு, துணிந்து இறங்கு என்கிறார்கள். எங்கள் கடற்கரையில் துணிச்சலுக்குப் பஞ்சமில்லை. தொழில் மாறப் போய் நொடித்துப்போன குடும்பங்களைக் கேட்டால், கணக்கிலும் நேரத்திலும் விட்ட பிழைகளைத்தான் சொல்வார்கள்.

முதல் தவறு, ‘நமக்கு மாறத் தெரியாது’ என்று நம்பிவிடுவது. மண்டபத்தையும் பாம்பனையும் பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடக்கைப் பெண்கடல் என்றும், சீற்றமான தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வது வழக்கம். அந்தப் பெண்கடலும் வாடைக்காற்று வீசும் மாதங்களில் கொந்தளிக்கும். அப்போது தெற்கே தொழில் பார்ப்பார்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கு கொந்தளித்தால் வடக்கே திரும்புவார்கள். காற்றுக்கு ஏற்ப கடலையே மாற்றிக்கொள்ளும் மக்களுக்கு மாற்றம் புதிதல்ல. கடனோடும் நிபந்தனையோடும் வரும் மாற்றம்தான் புதிது.

அடுத்தது, மானியத்தை மட்டும் பார்த்துப் புதுத் தொழிலை எடைபோடுவது. எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது இதுதான். இழுவலைப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற 2017-இல் ஒரு திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் பங்கு 10 சதவீதம் என்று பிரித்தார்கள். எட்டு லட்சத்தில் 80 லட்சம் படகு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ராமேசுவரத்து விசைப்படகுக்காரர் பழகியது இன்று போய் நாளை திரும்பும் தொழில். சூரைக்குப் போனால் வாரக்கணக்கில் தங்குகடல். தூண்டில் கயிறு விடும் முறை வேறு, பிடித்த மீனைக் கெடாமல் வைக்கும் பக்குவம் வேறு. அவ்வளவு நாள் வீட்டைவிட்டு இருக்கச் சம்மதிக்கும் ஆட்கள் வேண்டும். ஆழம் குறைந்த பாக் விரிகுடாக் கரையில் பெரிய படகைக் கட்டுவதே பல இடங்களில் சிரமம். மூன்று ஆண்டுகளில் 2,000 படகு என்பது இலக்கு. அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மீனவர்களின் பிடிவாதம் என்று இதைச் சொல்வது அநியாயம். படகுக்குக் கணக்குப் போட்டவர்கள், அதில் போகிறவரின் வாழ்க்கைக்கும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். மாறப் போகிறவரும் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, இந்தத் தொழிலில் என் ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதைத்தான்.

மூன்றாவது, புதுசு காலூன்றும் முன்பே பழசை முழுக்கக் கைவிடுவது. கப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசி வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதில் கட்ட சுமார் 60 கிலோ விதைப்பாசி, 45 நாளில் அறுவடை. காகிதத்தில் அழகான கணக்கு. ஆனால் வாடைக் காலத்தில் வடகடலில் மிதவை தாங்காது. ஓரா மீன் வந்து மேய்ந்துவிடும். கடல் சூடேறினால் பாசி வெளுத்து உதிரும். 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருமளவு பாசி செத்து, பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பாசி மோசமான தொழில் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பெண்களின் கையில் சொந்தக் காசு புழங்கியது அதனால்தான். ஆனால் முதல் வருஷம் சில மிதவைகளோடு நிறுத்திக்கொண்டு, கருவாடோ வலை வேலையோ ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருந்தால் ஒரு கெட்ட பருவத்தைத் தாண்டிவிடலாம்.

அப்புறம், வீட்டில் பேசாமல் முடிவெடுப்பது. கடன் ஆண் பெயரில் இருக்கும், அடகுக்குப் போவது பெண்ணின் நகையாக இருக்கும். மகளிர் குழுத் தவணையையும் அவர்தான் கட்டுவார். அவர் வேண்டாம் என்றால் அதில் ஒரு கணக்கு இருக்கும். அதை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மாற்றத்தை ஏற்பது என்றால் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று நினைப்பது இன்னொரு தவறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-இல் தேசியப் பூங்கா ஆனது. தலைமுறையாகத் தீவோரம் முங்கிப் பாசி எடுத்த பெண்களுக்கு அது திடீரென்று தடைசெய்யப்பட்ட இடமாகிவிட்டது. அவர்கள் தொழிலை விட்டு ஓடவில்லை, பழையபடியே எடுப்போம் என்று வீம்பும் பிடிக்கவில்லை. பாசி மறுபடி வளர நேரம் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். அதனால் மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். தங்கள் உரிமையையும் விடாமல் பேசினார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீக்காலஜியின் விருது கிடைத்தது. தனித்தனியாகப் போயிருந்தால் ஆளுக்கொரு அபராதச் சீட்டோடு திரும்பியிருப்பார்கள். கூட்டாக நின்றதால் மாற்றத்தின் நிபந்தனையில் தங்கள் சொல்லையும் சேர்க்க முடிந்தது.

பழைய அறிவைப் பழைய தொழிலோடு தூக்கிப் போடுவதும் நஷ்டம்தான். மிதவையை எங்கே நிறுத்துவது, நீரோட்டம் எந்த மாதம் எப்படி இழுக்கும் என்பதெல்லாம் வயதான மீனவருக்கு அத்துப்படி. பயிற்சி வகுப்பு முடிந்ததும் நேரே அவரிடம் போங்கள். சரி, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இன்னொருவரையும் பாருங்கள்: அதே தொழிலில் குறைந்தது இரண்டு வாடைக் காலத்தைக் கடந்தவர். நல்ல மாதத்தில் எவ்வளவு வந்தது என்று எல்லாருமே சொல்வார்கள். ஒன்றுமே வராத மாதத்தில் தவணையை எப்படிக் கட்டினார் என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.