பழைய ஸ்பைடரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் செய்யக்கூடாத தவறுகள்

கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள வால்கோர்ட் என்ற சிறிய ஊரிலிருந்து வந்தது கேன்-ஆம் ஸ்பைடர் என்ற மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பிஆர்பி நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய முதல் தலைமுறை வண்டிகளுக்கு இன்று பதினைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அவற்றின் 998 சிசி ரோட்டாக்ஸ் எஞ்சின் உறுதியானது. முதுமை முதலில் தெரிவது வயர்களிலும் கனெக்டர்களிலும் சென்சார்களிலும்தான். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), சறுக்கல் தடுப்பு, நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, பவர் ஸ்டியரிங் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கணினிப் பெட்டிகளை நம்பி இயங்குகின்றன. அதனால் ஓரிடத்தில் சிறு கோளாறு என்றாலும் டாஷ்போர்டில் மூன்று விளக்குகள் சேர்ந்து எரியும். வண்டியே போய்விட்டதோ என்று மனம் பதறும்.

அந்தப் பதற்றத்தில் பலர் செய்யும் முதல் தவறு, பேட்டரியைச் சோதிக்காமல் சென்சாரைத் தேடிப் போவது. ஸ்டார்ட்டர் சுழலும் சில நொடிகளில் பலவீனமான பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்துவிடும். அந்த நேரத்தில் ஒவ்வொரு கணினிப் பெட்டியும் தனக்கு வர வேண்டிய தகவல் வரவில்லை என்று பதிவு செய்துகொள்ளும். பவர் ஸ்டியரிங் பிழை, ஏபிஎஸ் பிழை, தொடர்பு அறுந்த பிழை எனக் கணினி பதிந்துவைத்த பிழைக் குறியீடுகள் வரிசை கட்டி நிற்க, உண்மையில் கெட்டுப்போனது ஒரு பேட்டரி மட்டுமாகவே இருக்கும். ஆகவே, முதலில் கையில் எடுக்க வேண்டியது மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர். இரவு முழுவதும் ஓய்வெடுத்த நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி மின்சாரம்தான் மிச்சம். ஸ்டார்ட் செய்யும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரியைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். அது வரவில்லையென்றால் சார்ஜிங் அமைப்பைப் பாருங்கள்.

பேட்டரி நல்லது என்று தெரிந்தாலும் அதன் முனைகளையும் எர்த் வயர் வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். செலவில்லாத இந்த அரை மணி நேர வேலையைத் தவிர்த்துவிட்டு விலை உயர்ந்த உதிரிபாகம் வாங்கியவர்களை நினைத்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

அடுத்தது, குறியீட்டை உதிரிபாகத்தின் பெயராகப் படிப்பது. பி0118 என்று வந்தால் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரை உடனே மாற்றிவிடுகிறார்கள். அந்தக் குறியீடு சொல்வது வேறு: அந்தச் சென்சாரின் மின்சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மீறி இருக்கிறது என்பதே அதன் பொருள். சென்சார் செத்திருந்தாலும் இப்படி வரும். வயர் அறுந்திருந்தாலும், கனெக்டரில் பச்சைப் பாசிபோல் துரு பிடித்திருந்தாலும் இப்படியே வரும். கனடாவிலும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் இந்த வண்டிகள் பனிக்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கின்றன. எலிகள் உள்ளே கூடு கட்டி வயரைக் கடித்துவைப்பது அங்கே சாதாரணம். வசந்தத்தில் முதல்முறை சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தால், பக்கத் தகடுகளைக் கழற்றி வயரிங்கைக் கண்ணால் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

குறியீட்டை எழுதி வைக்காமல் அழிப்பதும் தவறுதான். அழித்த பிறகு மெக்கானிக்கிடம் போனால் அவர் இருட்டில் தேட வேண்டியிருக்கும். எந்த விளக்கு, எஞ்சின் சூடாக இருந்ததா, மழை பெய்ததா, திருப்பத்தில் வந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எல்லா விளக்கையும் ஒன்றாக நினைப்பது ஆபத்து. சிவப்பு நிற எண்ணெய் அழுத்த விளக்கு ஓடும்போது எரிந்தால் வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். எண்ணெய் விஷயத்தில் ஏமாந்துபோக இன்னொரு இடமும் உண்டு. 998 எஞ்சினில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கிறது. வண்டி நின்று குளிர்ந்தால் அதில் ஒரு பகுதி எஞ்சினின் அடிப்பாகத்துக்கு இறங்கிவிடும். அப்போது அளவுக்கோல் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மீறி, காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எண்ணெய் புகும். வண்டியை ஓட்டி நன்றாகச் சூடாக்கிய பிறகே, கையேட்டில் சொன்னபடி அளவைப் பாருங்கள்.

பிரேக் விளக்கு எரிந்தால் பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதியாகிறவர்கள் உண்டு. பிரேக் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. அந்த விளக்கு பேடைப் பார்க்கச் சொல்கிறது. பேடில் போதிய கனம் இருந்தும் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. ஸ்பைடரில் கைப்பிடியில் பிரேக் கிடையாது. ஒரே கால் மிதிதான் மூன்று சக்கரங்களையும் நிறுத்துகிறது. இதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை.

டயர் மாற்றிய சில நாட்களில் நிலைத்தன்மை விளக்கு எரிந்தால் டயரின் அளவைச் சரிபாருங்கள். தொடக்க கால ஸ்பைடரின் பின் டயர் 225/50ஆர்15. அதற்குப் பதில் 205/60ஆர்15 கார் டயரைப் போட்டால் விட்டம் சுமார் 606 மில்லிமீட்டரிலிருந்து 627 ஆகிறது. மூன்று சக்கரங்களின் சுழற்சி வேகத்தையும் ஒப்பிட்டே சறுக்கலைக் கண்டுபிடிக்கும் கணினிக்கு இந்த மூன்றரை விழுக்காடு பெரிய வேறுபாடு. முன்சக்கர அலைன்மென்ட்டைத் (சக்கரங்களின் நேர்நிலையை) தொட்டாலும் இதே தொல்லை வரலாம். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் கோண சென்சாரின் நடுநிலையைப் பட்ஸ் என்ற பிஆர்பியின் மென்பொருள் வழியாகத்தான் மறுபடி நிர்ணயிக்க முடியும். வீட்டில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பழைய ஸ்பைடரை வாங்கப் போகிறவர்கள், விளக்கு எதுவும் எரியவில்லை என்று நின்ற இடத்திலேயே பேரத்தை முடித்துவிடாதீர்கள். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைகின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு இருபது நிமிடமாவது, திருப்பங்களோடு ஓட்டிப் பாருங்கள். சக்கர வேக சென்சார்களின் கோளாறுகள் பெரும்பாலும் வண்டி நகரும்போதுதான் வெளிப்படும். முந்தைய நாள் குறியீடு அழிக்கப்பட்டிருந்தால் அந்த ஓட்டத்தில் விளக்கு மறுபடி எரிய வாய்ப்பு அதிகம்.