ஓப்பியோங்கோவில் கனூ பயணம்: கணக்கு எங்கே தப்பும்?

கனடாவில் அல்கொன்குயின் பூங்காவின் மிகப் பெரிய ஏரி ஓப்பியோங்கோ. வரைபடத்தில் சாதுவாகத்தான் தெரியும். கனூவில், அதாவது துடுப்பு வலித்துப் போகும் ஒடுக்கமான படகில், முதல்முறை போகிறவர்கள் அந்த ஏரியின்மேல் விரலை வைத்து, "10 கிலோமீட்டர்தானே, மணிக்கு நாலு கிலோமீட்டர் துடுப்பு வலித்தால் ரெண்டரை மணி நேரம்" என்று கணக்குப் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். மற்றத் தவறுகளில் பாதி இந்தக் கணக்கில்தான் பிறக்கின்றன.

அந்தக் கணக்கில் காற்று இல்லை. காலையில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் ஏரி, மதியத்துக்கு மேல் வெள்ளை நுரை கட்டிய அலைகளாக மாறிவிடும். பாரம் ஏற்றிய கனூ எதிர்க்காற்றில் நகரவே நகராது; பக்கவாட்டில் அடித்தால் தண்ணீர் உள்ளே வரும். எனவே விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். குறுக்கே வெட்டிப் போனால் மிச்சம் என்று தோன்றும், அந்த ஆசை வேண்டாம், கரையை ஒட்டியே போங்கள். அலை ஏறிவிட்டால் ஒதுங்கித் தேநீர் போட்டுக் குடியுங்கள். சாயங்காலம் காற்று பெரும்பாலும் தணியும். தணியாமலும் போகலாம். அதற்காகத்தான் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொண்டு திட்டம் போடச் சொல்வது.

ஓப்பியோங்கோவைத் தாண்டி அடுத்த ஏரிக்குப் போவதென்றால் போர்ட்டேஜ் வரும். படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். வரைபடத்தில் 1,000 மீட்டர் என்று போட்டிருந்தால் 1,000 மீட்டர் என்று எண்ணாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்க முடியாது. ஒரு பாதியைக் கொண்டுபோய் வைத்து, வெறுங்கையோடு திரும்பி, மீதியைத் தூக்கி வர வேண்டும். ஆக 3 கிலோமீட்டர். இதை மறந்தவர்கள்தான் மடக்கு நாற்காலியும் பெரிய ஐஸ் பெட்டியும் கொண்டுவருகிறார்கள்.

தாமதமாகப் போய்ச் சேர்வதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரவு தங்குவதற்கான பெர்மிட் ஏரிக்குத்தான், ஓப்பியோங்கோவில் அந்த ஏரியின் ஒரு கைக்கு, அதாவது ஒரு கிளைப் பகுதிக்கு. குறிப்பிட்ட முகாம் இடத்துக்கு இல்லை. முகாம் இடம் என்று காட்டும் ஆரஞ்சுப் பலகை உள்ள இடங்களில் முதலில் வந்தவருக்குத்தான் நல்ல இடம். இருட்டும் நேரத்தில் ஒவ்வொரு பலகையாகத் தேடிப்போய், எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் அடுப்பு மூட்டியிருப்பதைப் பார்க்கும் அலுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

சாப்பாட்டில் நம்மவர்கள் செய்யும் தவறு டின் மீன். பூங்காவின் உட்பகுதிக்கு டின்னும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகத் தடை. கருவாட்டுக்குத் தடை இல்லை. ஆனால் அங்கே கருங்கரடிகள் உண்டு, அவற்றின் மூக்கு நம் மூக்கைவிடக் கெட்டி! சாப்பாட்டுப் பையோடு பற்பசையையும் சேர்த்து, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி, கூடாரத்துக்குத் தூரமாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். அதற்குத் தோதான கிளையை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வையுங்கள். இருட்டில் தலைவிளக்கோடு கயிறு எறிவது பார்ப்பவருக்கு மட்டும் வேடிக்கை.

மே மாதத்தில் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெயில் அடிக்கும், டி-சர்ட் போதும் என்று தோன்றும். தண்ணீரோ அப்போதுதான் பனிக்கட்டி கரைந்தது. அதில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவரவே சுமார் 1 நிமிடம் ஆகும். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தாலே சட்டத்துக்குப் போதும் என்று அதை மடித்து, உட்காரும் மெத்தையாக்கிக்கொள்பவர்கள் உண்டு. கவிழ்ந்த பிறகு அலையில் மிதந்துகொண்டே அதை மாட்டிப் பாருங்கள், தெரியும். மாட்டி, பட்டையை இறுக்கிவிட்டு ஏறுங்கள். அதே மாதக் கடைசியில் கறுப்பு ஈக்களும் வந்துவிடும், தலைக்கு வலை வாங்கி வையுங்கள்.

கைபேசியை நம்ப வேண்டாம், பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடைக்காது. எந்த ஏரியில் எந்த இரவு, எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புகிறோம், அதற்குமேல் எவ்வளவு நேரம் பொறுத்து யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். திரும்பும் நேரத்தை எழுதும்போதும் அந்த ரெண்டரை மணி நேரக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். காற்றால் ஒரு மதியம் கரையில் முடங்கினோம் என்பதற்காகத் தேடுதல் படகு வர வேண்டாமே.