சுவிஃப்ட் ஸ்போர்ட்டா, ஹுராகானா? கணக்குப் போடும் முறை

திருகோணமலை உப்புவெளியில் என் கராச்சுக்கு வரும் பொடியன்கள் குதிரைவலுவில் தொடங்குவார்கள். தம்பி, எடையையும் சேர்த்துப் பார் என்பேன்.

குதிரைவலுவை எடையால் வகுங்கள். 2017இல் வந்த யப்பான் மொடல் சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 1.4 லீற்றர் டர்போ எஞ்சின், 140 குதிரைவலு, 970 கிலோ எடை. தொன்னுக்கு 144. லம்போர்கினி ஹுராகான் எல்பி 610-4க்கு 5.2 லீற்றர் வி10 (பத்து சிலிண்டர்) எஞ்சின், 610 குதிரைவலு, 1,422 கிலோ. தொன்னுக்கு 429. ஆனால் அந்த 1,422 ஒயில், தண்ணீர், பெற்றோல் ஊற்றாத எடை; சுவிஃப்டின் 970 எல்லாம் ஊற்றிய எடை. ஹுராகானுக்கும் ஊற்றிக் கணக்கிட்டால் 400 பக்கம் இறங்கும். எந்த இரண்டு காரை ஒப்பிட்டாலும் எடை எப்படி எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது ரோட்டு. இலங்கையில் நகருக்கு வெளியே காருக்கு வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், அதிவேகப் பாதையில் 100. ஹுராகான் 3.2 செக்கனில் 100ஐத் தொட்டுவிடும். அதன் முழு வலு எஞ்சின் நிமிடத்துக்கு 8,250 சுற்றுச் சுற்றும்போதுதான் வரும். இரண்டாம் கியரில் அந்தச் சுற்றுக்குப் போகுமுன்னே 70 எப்போதோ கடந்திருக்கும். சுவிஃப்டின் 230 நியூட்டன் மீற்றர் இழுவை 2,500 சுற்றிலேயே கிடைக்கிறது. கந்தளாயில் லொறியை முந்த அதுதான் வேண்டும். ஹபரணைக் காட்டில் யானை கடக்கும் இடங்களில் இரவில் 70கூடக் கூடாது. இந்த ஊர்கள் வழியே திருகோணமலைக்கு வரும் ஏ6 வீதிக்கு நான் தயங்காமல் சுவிஃப்டைச் சொல்வேன்.

ஆனாலும் டர்போ இல்லாத வி10 மிதித்தவுடன் பதில் சொல்லும். அந்தச் சத்தத்துக்குச் சின்னக் காரில் ஈடே இல்லை. அதுதான் வேண்டுமென்றால் எந்தக் கணக்கும் தேவையில்லை.

ரயரில் எழுதியிருப்பதையும் பெருக்கிப் பாருங்கள். சுவிஃப்டில் 195/45, 195இல் 45 வீதம், ஏறக்குறைய 88 மில்லிமீற்றர் பக்கச்சுவர். ஹுராகான் முன்ரயர் 245/30, 73 மில்லிமீற்றர் சொச்சம்தான். குழியில் விழுந்தால் அடி நேரே றிம்முக்குத்தான். பின்ரயர் 305 அகலம், பிறேக் கார்பன் செராமிக். விலையை முன்கூட்டியே விசாரியுங்கள். இரண்டுக்குமே 92 ஒக்டேன் பெற்றோல் வேண்டாம், 95 ஊற்றுங்கள்.

பாவித்த வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியில் பிறேக் குழாயையும் வெல்டிங் மூட்டுகளையும் துருப்பிடித்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துத் தடவிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.