இரண்டாவது ஞாயிறு போய்ப் பாருங்கள்

ஒரு ஞாயிறு ஒருவர் ஆராதனைக்கு வரவில்லையென்றால் விடுங்கள். காய்ச்சலாக இருக்கலாம், கொழும்பில் கலியாண வீடாக இருக்கலாம். இரண்டாவது ஞாயிறும் அந்த வாங்கு வெறுமையாக இருந்தால், திங்கட்கிழமை பின்னேரமே அவர் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். மூன்றாவது வரை பார்த்திருந்தால் அவர் வராமல் இருக்கப் பழகிவிடுவார், நாங்களும் அவர் இல்லாமல் இருக்கப் பழகிவிடுவோம். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஏழு வீடுகளை நான் பன்னிரண்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். இந்தக் கணக்குப் பிழைத்தது குறைவு.

மெதடிஸ்த சபைக் கிறிஸ்தவர்களுக்கு இது பழைய வேலை. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கட்டடக் கடனை அடைக்கச் சபையாரைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, வாரம் ஒரு பென்னி சேர்க்க ஆள் விட்டார்கள். காசுக்குப் போனவர்கள் கண்ட காட்சி வேறு: ஒரு வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை, இன்னொரு வீட்டில் குடி. அதற்குப் பிறகு ஆட்களைப் பார்ப்பதே அவர்கள் வேலையாகிவிட்டது. பன்னிரண்டு வீடு எனக்கு ஏலாது, முழங்கால் விடாது.

சரி, எப்படிப் போவது? வேதாகமத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். "ஏன் அக்கா சேர்ச்சுக்கு வரல்ல?" என்று கேட்டால் "சுகமில்ல" என்பார், அதோடு கதை முடிந்தது. "என்னக்கா, முருங்கை காய்ச்சிருக்கே" என்று ஏதாவது தொடங்குங்கள். தேத்தண்ணி வரும். குடித்த பிறகும் எழும்பாதீர்கள்.

ஒரு வீட்டில் அப்படி இருந்தபோது ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அக்கா ரேடியோவை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தார். சைக்கிள் தாண்டிப் போனபிறகுதான் மூச்சு வந்தது. நுண்கடன் வசூலிக்கிற பொடியன் என்று நினைத்திருக்கிறார். காணிக்கைப் பையில் போட ஒன்றுமில்லாத வெட்கத்தில்தான் ஞாயிறும் வரவில்லை. வட்ஸ்அப்பில் நான் அனுப்பிய கைகூப்பிய படத்துக்கு இதையெல்லாம் சொல்லியிருப்பாரா? அடுத்த வாரம் கடன் ஒப்பீசுக்கு அவரோடு போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். தவணை நீட்டிக் கேட்க அவருக்கு வாய் வந்தது.

கொப்பியில் போன திகதியையும், செய்வதாகச் சொன்னதையும் மட்டும் எழுதுங்கள். ஆட்களின் குறை அதில் வேண்டாம். பெண் தனியே இருக்கும் வீட்டுக்கு ஆண்கள் தனியே போகவேண்டாம். அடி உதை, பிள்ளைக்குத் தொந்தரவு என்றால் மட்டும் இரகசியம் காக்காதீர்கள்: உதவிக்கு அழைக்கிற தொலைபேசி இலக்கம் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.

கண்டிப்பதில்தான் நான் நன்றாய்ப் பிழைவிட்டேன். மாரியில் கடலுக்குப் போகமுடியாத நாட்களில் ஒரு தம்பி குடிக்கத் தொடங்கினான். முதலில் தனியே பேசச் சொல்கிறது மத்தேயு 18:15. எனக்குப் பயம். ஜெபக் கூட்டத்தில் "தடுமாறுகிற ஒரு தம்பிக்காக ஜெபிப்போம்" என்றேன். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. விடிவதற்குள் அவன் தாய்க்குச் செய்தி போய்விட்டது. ஒன்றரை வருடம் அவன் சேர்ச் வாசலை மிதிக்கவில்லை.

கலாத்தியர் 6:1இல் தவறியவனைச் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று வரும். மத்தேயு 4:21இல் வலையைப் பழுதுபார்த்தார்கள் என்ற இடத்திலும் கிரேக்கத்தில் அதே சொல்தான் என்று போதகர் ஐயா சொன்னார். அப்புறம் ஒருநாள் கடற்கரை மீன்வாடியில் வலை பொத்துகிறவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் பெருவிரலில் வலையை மாட்டி, பிய்ந்த நூலை வெட்டி, நல்ல கண் வரும்வரை போய், அங்கிருந்துதான் ஊசியைக் கோக்கிறார். தம்பியிடம் இரண்டாந்தரம் போனபோது நான் குடியில் தொடங்கவில்லை. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவன் கித்தார் வாசித்த கதையில் தொடங்கினேன்.

உங்களைப் பார்க்கவும் ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் முழங்கால் வலி என்று இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. வலி உண்மை. பாடகர் குழுவில் ஒருவரோடு கோபம் என்பதும் உண்மை. திங்கள் பின்னேரம் படலைச் சத்தம் கேட்டது. நான் பழக்கிய பிள்ளை. "அன்ரி, முருங்கை காய்ச்சிருக்கே" என்றாள்.

எங்கள் வளவில் முருங்கையே இல்லை. தேத்தண்ணி வைக்க எழும்பினேன்.