பிரித்தானியத் தொழிற்கட்சியின் இடதுசாரி அணியைப் புரிந்துகொள்வது எப்படி?

சமூக சனநாயகக் கட்சிகள் பெரும்பாலானவற்றில் தலைமையைவிட இடப்பக்கம் சாய்ந்த ஓர் அணி இயங்கிவருகிறது. அந்த அணியைப் பற்றிய செய்திகள் 'கிளர்ச்சி', 'பிளவு', 'இடைநீக்கம்' என்ற சொற்களோடு நின்றுவிடுவதால், அது உண்மையில் எதைக் கேட்கிறது, எவ்வளவு வலிமை உடையது என்பது வாசகருக்குப் பிடிபடுவதில்லை. இதனை முறையாகக் கற்க விரும்புவோர் பிரித்தானியத் தொழிற்கட்சியிலிருந்து தொடங்கலாம். அதன் உட்கட்சிச் சண்டைகள் மாநாட்டு மேடைகளிலேயே நடந்தவை. வாக்கு எண்ணிக்கைகளும் பொதுவெளியில் உள்ளன.

முதலில் கட்சியின் அமைப்பைப் படியுங்கள். தலைவர்களின் உரைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1900ஆம் ஆண்டு தொழிற்சங்கங்களும் சோசலிசச் சங்கங்களும் கூடி உருவாக்கிய கூட்டமைப்பே பின்னாளில் தொழிற்கட்சி ஆயிற்று. ஆகவே அதில் அதிகாரம் மூன்று இடங்களில் கிடக்கிறது: நாடாளுமன்ற உறுப்பினர்கள், இணைந்துள்ள தொழிற்சங்கங்கள், தொகுதிக் கிளைகளின் சாதாரண உறுப்பினர்கள். இடதுசாரி அணிக்குப் பெரும்பாலும் கிளைகளில் ஆதரவு மிகுதி, நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே குறைவு. தொழிற்சங்கங்கள் காலத்துக்கேற்ப இருபக்கமும் சாய்ந்திருக்கின்றன. எந்த உட்கட்சிப் பூசலைப் படித்தாலும், இம்மூன்றில் எவரிடமிருந்து எவருக்கு அதிகாரத்தை மாற்ற முயல்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பூசலின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அடுத்து, அனைரின் பெவனின் வரலாற்றை நிதானமாகப் படிக்க வேண்டும். 1948இல் தேசிய மருத்துவ சேவையைத் தொடங்கி வைத்த அமைச்சர் அவர். கொரியப் போரை ஒட்டிப் படைச்செலவு பெருகியபோது, நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் 1951ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். மருத்துவம் இலவசம் என்ற கொள்கையில் விழுந்த முதல் கீறல் இது என்று கருதிய பெவன் பதவி விலகினார். அமைச்சர்கள் ஹரால்ட் வில்சனும் ஜான் ஃபிரீமனும் அவரைத் தொடர்ந்து விலகினர். அடுத்த ஆண்டு மோர்கம் நகரில் நடந்த மாநாட்டில், கட்சியை நடத்தும் தேசிய நிர்வாகக் குழுவுக்குத் தொகுதிக் கிளைகள் தேர்ந்தெடுக்கும் ஏழு இடங்களில் ஆறு பெவன் அணிக்குச் சென்றன. ஹெர்பர்ட் மாரிசன், ஹியூ டால்டன் போன்ற மூத்தவர்களே தோற்றுப் போயினர். ஆனால் 1955இல் தலைவர் தேர்தல் வந்தபோது வாக்குரிமை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே இருந்தது. கெய்ட்ஸ்கெல் 157 வாக்குகள் பெற்றார். பெவனுக்குக் கிடைத்தவை 70. கிளைகளில் ஓங்கி நின்ற ஓர் அணி நாடாளுமன்றத்தில் சிறுபான்மையாகச் சுருங்கியதை இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் உடனே காண்பார்.

இந்தப் பாடத்தை நன்கு கற்றுக்கொண்டவர்கள் அடுத்த தலைமுறை இடதுசாரிகள். 1973இல் தொடங்கப்பட்ட 'தொழிற்கட்சி சனநாயகத்துக்கான இயக்கம்', கொள்கைத் தீர்மானங்களைவிடக் கட்சி விதிகளை மாற்றுவதிலேயே கவனம் செலுத்தியது. மாநாடு எத்தனை தீர்மானங்கள் நிறைவேற்றினாலும், அவற்றைப் புறக்கணிக்கும் நாடாளுமன்ற உறுப்பினரை யாரும் கேள்வி கேட்க முடியாது என்றால் பயனில்லை என்பது அவர்களின் வாதம். அந்த வாதம் சரியானது என்றே நான் கருதுகிறேன். ஒவ்வொரு நாடாளுமன்றக் காலத்திலும் உறுப்பினர் தம் தொகுதிக் கிளையிடம் மீண்டும் வேட்பாளராகத் தேர்வு பெற வேண்டும் என்ற விதியை 1980ஆம் ஆண்டுக்குள் அவர்கள் வென்றெடுத்தனர். 1981 சனவரியில் வெம்பிளியில் கூடிய சிறப்பு மாநாடு, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தொழிற்சங்கங்களுக்கு 40 விழுக்காடு, உறுப்பினர் கிளைகளுக்கு 30, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 30 என்று பிரித்துக் கொடுத்தது. மறுநாளே கட்சியின் வலப்பக்கத்து மூத்த தலைவர்களான ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் ஆகிய நால்வரும் இதை எதிர்த்து லைம்ஹவுஸ் அறிக்கையை வெளியிட்டனர். இரண்டு மாதங்களில் சமூக சனநாயகக் கட்சி என்ற தனிக்கட்சி பிறந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் துணைத்தலைவர் பதவிக்கு நடந்த போட்டியை ஒரு பயிற்சியாக எடுத்துக்கொண்டு ஆராயுங்கள். வலப்பக்கத்தின் வேட்பாளர் டெனிஸ் ஹீலி 50.426 விழுக்காடு பெற்றார். இடதுசாரிகளின் வேட்பாளர் டோனி பென் 49.574 விழுக்காடு பெற்றார். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இந்த இடைவெளிக்குள் நீல் கின்னக் உள்ளிட்ட சில இடதுசாரி உறுப்பினர்களே இறுதிச் சுற்றில் பென்னுக்கு வாக்களிக்காமல் விலகி நின்ற செய்தி அடங்கியிருக்கிறது. இடதுசாரி அணி என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் பல குழுக்கள். 1964 முதல் நாடாளுமன்றத்தில் இயங்கிய டிரிபியூன் குழு மிதமான இடதுசாரிகளின் இல்லமாக மாற, பென்னை ஆதரித்தவர்கள் 1982இல் சோசலிசப் பிரசாரக் குழுவை அமைத்துக்கொண்டனர். மிலிட்டன்ட் என்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. அது தனிக் கட்டுக்கோப்புடன் தொழிற்கட்சிக்குள் நுழைந்து இயங்கிய டிராட்ஸ்கியவாத அமைப்பு, அதாவது ரஷ்யப் புரட்சியாளர் டிராட்ஸ்கியின் வழியைப் பின்பற்றியது. இம்மூன்றையும் ஒரே பெயரில் அடைத்துவிடும் கட்டுரைகளைக் கண்டால் அவற்றை ஒதுக்கிவிடலாம்.

தலைவர் தேர்தலைப் படிக்கும்போது, வாக்கு யாருக்கு என்பதோடு, வேட்பாளராக நிற்பதற்கே எத்தனை முன்மொழிவுகள் வேண்டும் என்பதையும் பாருங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணிப்பில் அணியின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் விதி இதுவே. 2015இல் 35 நாடாளுமன்ற உறுப்பினர்களின் முன்மொழிவு தேவைப்பட்டது. இடதுசாரி வேட்பாளர் ஜெரமி கோர்பினுக்கு 36 கிடைத்தன. அவர்களுள் சிலர் அவரை ஆதரித்தவர்கள் அல்லர். விவாதம் விரிவாக நடக்கட்டும் என்று மட்டுமே கையெழுத்திட்டவர்கள். வாயில் திறந்ததும் உறுப்பினர்களும் பதிவுசெய்த ஆதரவாளர்களும் 59.5 விழுக்காடு வாக்களித்து அவரைத் தலைவராக்கினர். மறு ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் 172க்கு 40 என்ற கணக்கில் அவர் மீது நம்பிக்கையின்மை தெரிவித்தனர். ஆனால் அடுத்து நடந்த தேர்தலில் அவர் 61.8 விழுக்காட்டுடன் மீண்டும் வென்றார். முன்மொழிவு வரம்பு 2017இல் நாடாளுமன்ற உறுப்பினர்களில் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கோர்பினுக்குப் பின் தலைவரான கீர் ஸ்டார்மரின் காலத்தில் 2021இல் 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 400க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள நாடாளுமன்றக் கட்சியில் அது ஏறத்தாழ 80 கையெழுத்துகள். அதைத் தனித்துத் திரட்டும் வலிமை சோசலிசப் பிரசாரக் குழுவுக்கு இல்லை.

தேர்தல் முடிவுகளை அணியோடு பொருத்திப் பார்க்கும்போது பொறுமை தேவை. 1983இல் கட்சி 27.6 விழுக்காட்டுக்கு வீழ்ந்ததற்கு இடதுசாரித் தேர்தல் அறிக்கையே காரணம் என்று பலர் எழுதுவர். பிரிந்து சென்றவர்களும் லிபரல்களும் சேர்ந்த கூட்டணி 25.4 விழுக்காடு பெற்றதையும், முந்தைய ஆண்டு நடந்த ஃபாக்லாந்து போர் பிரதமர் மார்கரெட் தாட்சருக்குத் தந்த செல்வாக்கையும் சேர்த்துக் கணக்கிடாமல் அந்த முடிவுக்கு வருவது நேர்மையன்று. அதுபோலவே கோர்பின் தலைமையில் 2017இல் கிடைத்த 40.0 விழுக்காட்டை மட்டும் காட்டி, 2019இல் அது 32.1 விழுக்காடாகக் குறைந்து 202 இடங்கள் மட்டுமே கிடைத்ததை மறைப்பதும் தவறு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: 2017இன் 40.0 விழுக்காடு 262 இடங்களையே தந்தது, 2024இன் 33.7 விழுக்காடு 411 இடங்களைத் தந்தது. தொகுதிவாரித் தேர்தல் முறையில் எதிர்முகாம் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதும் வெற்றியைத் தீர்மானிப்பதால், இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஓர் அணியின் கொள்கைக்கு மக்கள் தந்த தீர்ப்பை அளக்க இயலாது.

நாடாளுமன்றத்தில் கொறடா உத்தரவை மீறிய வாக்குகளைப் பற்றி ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வதும் நல்லது. யார், எந்தத் தீர்மானத்தில், எந்தக் காரணத்துக்காக மீறினார், அதன்பின் அவருக்கு என்ன நேர்ந்தது என்று நான்கு செய்திகளை எழுதினால் போதும். எடுத்துக்காட்டாக, 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த மூன்றாவது குழந்தைக்கும் அதற்கு அடுத்தவற்றுக்கும் அரசு உதவித்தொகையை மறுத்த இரு குழந்தை வரம்பை நீக்கக் கோரிய திருத்தம் 2024 சூலையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஜான் மெக்டொனல், ரெபெக்கா லாங்-பெய்லி, ரிச்சர்ட் பர்கன், சாரா சுல்தானா உள்ளிட்ட ஏழு தொழிற்கட்சி உறுப்பினர்கள் திருத்தத்தை ஆதரித்தனர். ஏழு பேரும் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஏழைக் குழந்தைகளின் உணவைப் பற்றிய ஒரு வாக்குக்கு இத்தகைய தண்டனை தந்தது மிகக் கடுமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தக் குறிப்பேட்டை அதோடு மூடிவிடாமல், கோரிக்கை பின்னர் என்ன ஆனது என்ற ஐந்தாவது செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு பேரில் நால்வர் 2025 பிப்ரவரியில் திரும்பச் சேர்க்கப்பட்டனர். சாரா சுல்தானா அதே ஆண்டு சூலையில் கட்சியை விட்டே விலகினார். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், அவர்களைத் தண்டித்த அதே அரசின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2026 ஏப்ரல் முதல் அந்த வரம்பு நீக்கப்படும் என்று அறிவித்தார்.