பையர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்: திருப்பூர்–ஜெர்மனி வியாபாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில், திருப்பூர் பின்னலாடையை வாங்கும் ஜெர்மன் நிறுவனங்களின் (பையர்) ஆபீஸ்கள் பூட்டப்பட்டபோது, அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் மடிக்கணினியோடு வீட்டுக்குப் போனார்கள். பின்னாளில் ஆர்டர்கள் திரும்பி வந்தன. ஆனால் அவர்களில் பலர் வாரத்தில் இரண்டு, மூன்று நாள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஆபீஸில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸ் (பலவகை விளக்குள்ள பெட்டி) இருந்தது, கம்பெனியின் சுங்கப் பதிவு எண் இருந்தது, கூரியரைக் கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இருந்தது. வீட்டில் இதெல்லாம் கிடையாது. கொரோனா நெருக்கடிக்கென்று கொடுத்த தற்காலிகச் சலுகைகளும் ஒவ்வொன்றாக முடிந்துவிட்டன. பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பணம் கைவிட்டுப் போகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

போட்டோவில் ஷேடு ஓகே

போட்டோவைப் பார்த்துத் துணியின் நிறத்துக்கு (ஷேடு) ஒப்புதல் வாங்குவதுதான் அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு. மொபைல் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். இங்கே எடுத்த படத்துக்கும் அங்கே திரையில் தெரிவதற்கும் உறவே இருக்காது. சாயமிட்ட சிறு துணி மாதிரியான லேப் டிப்பை கூரியரில் அனுப்பினாலும் சிக்கல் தீராது. மெர்ச்சண்டைசர் அதைச் சமையலறையின் மஞ்சள் எல்.இ.டி. விளக்கில் பார்த்து ஓகே சொல்லியிருப்பார். டி65 பகல் வெளிச்சத்தில் பொருந்தும் ஷேடு, ஐரோப்பியக் கடைகளுக்கான டிஎல்84 விளக்கில் வேறு நிறமாகத் தெரியலாம். இதைக் கண்டுபிடிக்க லைட் பாக்ஸில் விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. டிசம்பரில் ஜன்னலோரம் வைத்துப் பார்க்கிறேன் என்பாரானால், அங்கே மாலை நான்கரைக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சாயப்பட்டறையிலிருந்து ஏ, பி, சி என மூன்று டிப் வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதி அவருக்கு, மறு பாதி உங்கள் ஃபைலுக்கு. ஸ்டைல் எண், பான்டோன் டிசிஎக்ஸ் எண் (பொதுவான நிற எண்), சாயக் கலவையின் ரெசிபி எண், தேதி ஆகியவை இரண்டிலும் இருக்க வேண்டும். நிறத்தை எண்ணாக அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரின் அளவையும் கூடவே அனுப்புங்கள். சிஎம்சி 2:1 என்ற சூத்திரக் கணக்கில் டெல்டா ஈ (நிற வித்தியாசம்) 1-க்குள் இருந்தால் ஏற்கலாம் என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடைசி ஒப்புதலை அவர் ஆபீஸுக்குப் போகும் நாளுக்குத் தள்ளுவது, ஆயிரம் கிலோ துணியை மறுபடி சாயத்தொட்டியில் போடுவதைவிட மலிவு. வெள்ளைத் துணிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அதில் வெண்மை கூட்ட ஏற்றும் பிரைட்னர் புற ஊதா ஒளியில்தான் பளிச்சிடும், வீட்டு எல்.இ.டி.யில் அந்த ஒளி மிகக் குறைவு.

வீட்டு விலாசத்துக்குப் போகும் சாம்பிள்

22 யூரோ வரையிலான பார்சலுக்கு இருந்த வாட் விலக்கை 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் எடுத்துவிட்டது. இப்போது ஒற்றை டி-ஷர்ட்டுக்கும் சுங்க அறிவிப்பு தேவை. ஜெர்மனியில் வாட் 19 சதவீதம். மெர்ச்சண்டைசரின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் மட்டும் எழுதி அனுப்பினால் அது அவர் தனக்கு வாங்கிய பொருளாகிவிடும். கூரியர்காரர் வாசலில் வரியும் கட்டணமும் கேட்பார், மெர்ச்சண்டைசர் வாங்க மறுப்பார், பார்சல் திரும்பும். அதற்குள் பத்து நாள் போய்விடும்.

பெறுபவர் என்ற இடத்தில் கம்பெனி பெயரும் அதன் இஓஆர்ஐ எண்ணும் (ஐரோப்பிய ஒன்றியச் சுங்கப் பதிவு எண்) இருக்கட்டும். வீட்டு முகவரி டெலிவரி இடம் மட்டுமே. வரியை அனுப்புபவர் கணக்கில் போடும்படி கூரியர் படிவத்தில் குறியுங்கள். இன்வாய்ஸில் மதிப்பு பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அதைப் பார்த்ததும் சுங்கத்துறைக்குச் சந்தேகம் வரும். உண்மையான உற்பத்திச் செலவையும், ‘100% பருத்தி, பின்னலாடை, ஆண்கள் டி-ஷர்ட், 6109 10’ (கடைசியில் இருப்பது சுங்க வகை எண்) போன்ற முழு விவரத்தையும் எழுதுங்கள். ‘கார்மென்ட் சாம்பிள்’ என்ற இரண்டே சொற்கள் போதாது.

துணி, நிறம், பிரின்ட் பார்க்க மட்டும் போகும் மதிப்பற்ற சாம்பிளுக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் அதை விற்க முடியாதபடி கெடுத்திருக்க வேண்டும். கண்ணில் படும் இடத்தில் வெட்டு, துளை, அல்லது அழியாத மையில் ‘சாம்பிள்’ என்று ஆங்கில எழுத்தில் முத்திரை வேண்டும். அளவு பொருத்தம் பார்க்கப் போகும் ஃபிட் சாம்பிளை இப்படி வெட்ட முடியாது. அதற்கு வரியைக் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

வீடியோவில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்

நாமே நல்ல கார்ட்டனாக எடுத்து வைத்து, நாமே பிரித்துக் காட்டினால் அதை இன்ஸ்பெக்ஷன் என்று சொல்ல முடியாது. சரக்கு போய்ச் சேர்ந்தபின் வரும் புகாரில் அந்த வீடியோ நமக்குத் துணை நிற்காது. பேக்கிங் லிஸ்ட்டை முதலில் அனுப்பி, எந்தக் கார்ட்டன்களைப் பிரிக்க வேண்டும் என்ற எண்களைப் பையரையே சொல்லச் சொல்லுங்கள். பிரிக்க வேண்டியவை மொத்தக் கார்ட்டன்களின் வர்க்கமூலம் என்பது வழக்கமான கணக்கு: 100 கார்ட்டன் என்றால் 10. மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான தரநிலை ஐஎஸ்ஓ 2859-1, பொது நிலை 2-இன்படி 3,000 பீஸ் லாட்டில் 125 பீஸ் பார்க்க வேண்டும். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5-இல் பெரிய குறை 7 வரை தேறும், 8 ஆனால் லாட் நின்றுவிடும். சிறிய குறைக்கு 4.0 வைத்தால் 10 வரை தேறும்.

அளக்கும்போது டேப்பின் பூஜ்ய முனை திரையில் தெரிய வேண்டும். மார்பளவை அக்குளிலிருந்து 2.5 செ.மீ. கீழே எடுப்பதா, அக்குள் தையலிலேயே எடுப்பதா என்பதை முன்கூட்டியே படம் வரைந்து முடிவு செய்துகொள்ளுங்கள். பாதித் தகராறு இந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பார்க்கக் கட்டரில் வெட்டிய வட்டம் 100 சதுர செ.மீ. தராசில் 1.62 கிராம் காட்டினால் 162 ஜிஎஸ்எம். டிரையரிலிருந்து வந்து சூடு ஆறாத துணியை வெட்டாதீர்கள். ஈரப்பதம் இல்லாததால் எடை குறைத்துக் காட்டும். கைக்குத் தெரியும் மென்மை, வாடை, துவைத்தபின் பக்கத் தையல் திரும்புவது ஆகியவை வீடியோவில் தெரியாது. துவைத்துக் காய்ந்த பீஸ் ஒன்றை மேசையில் தயாராக வைத்திருங்கள். தகரக் கூரைக்குக் கீழே மொபைல் சிக்னலை நம்பி இதைத் தொடங்குவது வீண்வேலை.

வாட்ஸ்அப் ஒப்புதலும் கடிகாரமும்

மெர்ச்சண்டைசரின் சொந்த போனில் வந்த ‘ஓகே’, அவர் வேலையை விட்டதும் அவரோடு போய்விடும். அன்றைக்கே கம்பெனி மெயிலுக்கு ஸ்டைல், அளவு, தேதி எழுதி அனுப்பி, பதில் வரும்வரை கட்டிங் போடாதீர்கள். ஜெர்மனி நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. மார்ச், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறுகளில் இது மாறும். கூட்ட நேரத்தை ஜெர்மன் நேரத்தில் குறித்துக்கொண்டால் குழப்பம் வராது.

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’

உங்கள் மெயிலுக்குள் புகுந்தவர், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து இந்த வரியை பையருக்கு அனுப்புவார். முன்பு பையரின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தவர் பக்கத்து மேசையில் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். வீட்டில் தனியாக இருப்பவர் பணத்தைப் போட்டுவிடுவார். கணக்கு மாற்றம் மெயிலில் வராது என்பதை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள். மாற்றம் உண்மையாகவே வந்தால், பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு போன் செய்து உறுதி செய்ய வேண்டும். அந்த மெயிலில் உள்ள எண்ணை நம்பக் கூடாது. இந்திய ஏற்றுமதியாளரின் பணத்தை இந்தியாவுக்கு வெளியே உள்ள கணக்கில் கேட்கும் மெயில் பெரும்பாலும் மோசடிதான் என்பதையும் பையருக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

சரண்டர் பிஎல் பழக்கம்

2020-இல் கூரியர் ஓடாததால், சரக்கை எடுக்கத் தேவையான ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங்கை (பிஎல்) இங்கேயே கப்பல் கம்பெனியிடம் சரண்டர் செய்து சரக்கை விடுவித்தவர்கள் ஏராளம். முழுப் பணமும் முன்பே வந்திருந்தால் அதில் தவறில்லை. வங்கி வழியாகப் பணம் கட்டி ஆவணம் வாங்கும் டிபி முறையில் இதைச் செய்தால், பிடிமானத்தைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு வங்கிக்கு வெறும் காகிதத்தை அனுப்புகிறோம்.

ஏற்றுமதிப் பணம் இந்தியாவுக்கு வர வேண்டிய கெடுவும் அப்படித்தான். ரிசர்வ் வங்கி 2020 ஏப்ரலில் 9 மாதத்தை 15 மாதமாக நீட்டியது, 2020 ஜூலை 31 வரை ஏற்றிய சரக்குக்கு மட்டும். ஆகஸ்ட்டில் ஏற்றியதற்கும் 15 மாதம் என்று கணக்குப் போட்டவர்கள் வங்கியில் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. உங்கள் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிச் சுங்க ஆவணம்) தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே ஓர் ஆளை வீட்டிலிருந்தே வேலைக்கு வைப்பது

விமானம் ஓடாத காலத்தில், ஹாம்பர்கிலோ டுசெல்டார்ஃபிலோ ஒருவரை ‘ஃப்ரீலான்ஸர்’ என்று மாதச் சம்பளத்துக்கு அமர்த்துவது எளிதாகத் தெரிந்தது. அவருக்கு ஒரே வாடிக்கையாளர் நீங்கள்தான், மாதம் நிலையான தொகை, உங்கள் மெயில் முகவரி, லீவுக்கு உங்களிடம் அனுமதி என்றால், ஜெர்மன் சட்டத்தின் பார்வையில் அவர் போலிச் சுயதொழிலர், அதாவது உங்கள் ஊழியர். சமூகக் காப்பீட்டுப் பங்கு, இருவர் பங்கும் சேர்த்து, சம்பளத்தில் சுமார் 40 சதவீதம். அதைப் பொதுவாக நான்கு ஆண்டுகள் வரை பின்தேதியிட்டு வசூலிப்பார்கள். வேண்டுமென்றே செய்ததாக முடிவானால் முப்பது ஆண்டுகள் வரை போகலாம். தொடக்கத்திலேயே ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்தில் அவருடைய நிலையைத் தீர்மானிக்கக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

கமிஷன் ஏஜென்டாக வைத்தால் வேறு கணக்கு. ஜெர்மன் வணிகச் சட்டம் 89பி பிரிவின்படி, நீங்கள் ஒப்பந்தத்தை முடிக்கும்போது ஓராண்டுச் சராசரிக் கமிஷன் வரை அவர் ஈட்டுத்தொகை கேட்கலாம். ‘கேட்க மாட்டேன்’ என்று முன்கூட்டியே எழுதி வாங்கினாலும் செல்லாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கமிஷன் சதவீதத்தைப் பேசுபவர்கள்தான் அதிகம்.

அடுத்தது வருமான வரி. தொற்றால் வீட்டில் முடங்கிய ஊழியரால் அந்த நாட்டில் நிரந்தர நிறுவனம் (வரி விதிக்கத்தக்க கிளை) உருவாகாது என்று, பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2020 ஏப்ரலில் வழிகாட்டியது. அது கட்டாயத்தால் வந்த தற்காலிக நிலைமைக்குச் சொன்னது. இன்று விருப்பப்பட்டு வைத்திருக்கும் வீட்டு அலுவலகத்துக்கு அதைக் காட்ட முடியாது. விலையைத் தீர்மானித்து ஆர்டரை உறுதி செய்யும் அதிகாரம் அவரிடம் இருந்தால், உங்கள் லாபத்தின் ஒரு பகுதிக்கு ஜெர்மனி வரி கேட்கும் நிலை வரலாம். ஒப்பந்தத்தில் ‘அதிகாரம் இல்லை’ என்று எழுதிவிட்டு, நடைமுறையில் அவரே ஓகே சொல்லிக்கொண்டிருந்தால், வரி அதிகாரி மெயில்களைத்தான் படிப்பார். விலைப்பட்டியலும் ஆர்டர் உறுதிக் கடிதமும் ஒவ்வொரு முறையும் திருப்பூரிலிருந்து, இங்குள்ளவர் கையெழுத்தோடு போகட்டும்.